லத்தீனோ என்றால் என்ன?

மன்னிக்கமாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்ன ஒரேயொரு மனிதரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் எல்லாம் "அது பழைய கதை, விட்டாச்சு" என்பார்கள். சொல்லும்போதே பல் கடிபடும். அந்த அக்கா அப்படியில்லை. குறிகட்டுவான் இறங்குதுறையில் என் போட்டோக்கொப்பிக் கடைக்குப் பக்கத்தில் மத்தியானச் சோற்றுப் பார்சல் கட்டி விற்றுக்கொண்டிருந்தார். மீன்குழம்புக்கு உப்புக் காணுமா என்று கேட்கிற அதே குரலில் சொல்லுவார்: "மன்னிக்கிறது சாமியின்ர வேலை. அவருக்கு நேரம் கிடக்கு. எனக்கு இல்லை."

அவர் துறைக்கு வந்தபோது நாற்பது வயதிருக்கும். தாய்வீடு புங்குடுதீவு மடத்துவெளியில். பதினொரு வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு, வெளிநாடு போனவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடுகள் நிறைந்த ஊருக்கு ஒரு சூட்கேசோடு திரும்பி வந்திருந்தார். பிடித்து அனுப்பினார்கள் என்றார்கள் சிலர். தானாக வந்தார் என்றார்கள் சிலர். கேட்டால், "ரெண்டும் சரிதான். அனுப்பப் போறம் எண்டாங்கள், நான் வழக்காடேல்லை. இஞ்ச எனக்கு ஒரு அலுவல் கிடந்தது" என்பார். அந்த அலுவல் என்னவென்று அறிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

ஒருநாள் நெடுந்தீவுப் படகைத் தவறவிட்ட வெளிநாட்டுச் சோடி ஒன்று என் கடைவாசலில் தவித்துக்கொண்டு நின்றது. பெண் எங்கள் நிறம், நீளமான ஒற்றைப் பின்னல். சேலையைக் கட்டிவிட்டால் வேலணைப் பஸ்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆண் வெள்ளை. எனக்குத் தெரிந்த இங்கிலிஷ் அவர்களுக்குத் தெரியவில்லை. அக்கா அகப்பையை வைத்துவிட்டு வந்தார். தகரக் கூரையில் மழை விழுந்த மாதிரி ஸ்பானிஷ் கொட்டியது. அந்தப் பெண் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் சாப்பிட்டுவிட்டு அடுத்த படகில் ஏறிய பிறகு நான் சும்மா கேட்டேன். "அக்கா, உவையள் லத்தீனோவோ?"

பார்சல் கட்டிய கை நின்றது. "அந்தச் சொல்லை உமக்கு ஆர் தந்தது?"

"படத்தில கேட்டனான்."

"படத்திலயோ. சரி." மூச்சை விட்டுவிட்டுச் சொன்னார். "அந்தப் பெட்டை கொலம்பியா. அவள் லத்தீனா. பொம்பிளைக்குக் கடைசியில 'னா' வரும், ஆம்பிளைக்கு 'னோ'. கூட வந்தவன் ஸ்பெயின்காரன். அவனுக்கும் அதே பாஷைதான், ஆனா அவன் லத்தீனோ இல்லை. பிரேசில்காரன் கதைக்கிறது வேற பாஷை, அவனைச் சேர்ப்பினம். விளங்குதோ?"

"அப்ப நிறத்தை வைச்சோ?"

"நிறமும் இல்லை. அவையளுக்குள்ள வெள்ளையும் இருக்கு, கறுப்பும் இருக்கு, என்னை மாதிரியும் இருக்கு. அவளை நீ ஆர் எண்டு கேட்டனான். கொலம்பியாக்காரி எண்டுதான் சொன்னவள். ஊரில இருக்கேக்க தன்னை லத்தீனா எண்டு சொல்லுறது குறைவு. வடக்க போய் இன்னொருத்தன்ர நாட்டில இறங்கினாப் பிறகுதான் அந்தப் பேர் பெரிசா வந்து ஒட்டும். எங்களுக்கும் அப்பிடித்தானே? இஞ்ச நீர் சரவணை, நான் மடத்துவெளி. கொழும்பில ரெண்டு பேரும் யாழ்ப்பாணம். லண்டனில போய் இறங்கினா ரெண்டு பேரும் ஏசியன்."

ஊர்காவற்றுறையிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்க அண்ணை சோறு வாங்க நின்றவர், இதைக் கேட்டுவிட்டு, "அப்ப உவையள் கதைக்கிறது இலத்தீனோ பிள்ளை? என்ர அம்மாவுக்கு இலத்தீன் பூசை முழுக்கப் பாடம்" என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "அந்தப் பாஷையின்ர பேரப்பிள்ளையள்தான் அண்ணை. ஆனா சாமிக்கு விளங்கிறது பொலிசுக்கு விளங்காது."

சொற்களில் அப்படி ஒரு கண்டிப்பு அவருக்கு. என்னை 'நீர்' என்பார். படகுக்காரப் பெடியளை 'மகன்' என்பார். 'தம்பி' என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. ஒருமுறை கேட்டதற்கு, "அது ஒரு ஆளுக்குக் குடுத்தாச்சு" என்றார்.

அந்த ஆளைப் பற்றி அவர் சொன்னது சோளகக் காற்று துறையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில். படகுகள் ஓடவில்லை. சமைத்த சோறு விலைப்படாமல் கிடந்தது. இரண்டு கதிரையை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தோம்.

புங்குடுதீவிலிருந்தும் வேலணையிலிருந்தும் ஒன்பது பேரை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரர் எங்கள் பகுதி ஆள்தான். எல்லாரையும் 'ராசா', 'பிள்ளை' என்று கூப்பிடுகிற, கோபமே வராத மனிதர். அக்காவும் இருபத்திரண்டு வயதுத் தம்பியும் அந்த ஒன்பது பேரில் இருந்தார்கள். மெக்சிக்கோவின் தெற்கு எல்லையில் ஒரு சின்ன ஊரில் வைத்து எல்லாருடைய பாஸ்போட்டுகளையும் வாங்கிக்கொண்டு, தான் முன்னால் போய் வழி பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"போகேக்க ஒரு சொல் தந்திட்டுப் போனவர்," என்றார் அக்கா. "ஆர் என்ன கேட்டாலும் 'லத்தீனோ' எண்டு சொல்லுங்கோ, வேற வாய் திறக்கக் கூடாது எண்டவர். நீங்கள் எல்லாரும் அவையளின்ர நிறம்தானே, ஒருத்தருக்கும் தெரியாது எண்டவர். நாங்கள் அதை ஒரு நாட்டின்ர பேர் எண்டு நினைச்சம். மந்திரம் மாதிரிப் பாடமாக்கினம்."

ஐந்து நாளாக அவர் வரவில்லை. தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே சீனி வருத்தம், இன்சுலின் ஊசிமருந்து முடிந்துவிட்டது. மயக்கம் வரத் தொடங்க, அக்கா அவனைத் தாங்கிக்கொண்டு ஒரு மாதா கோயில் மண்டபத்துக்குப் போனார். வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிற இடம். ஒரு கன்னியாஸ்திரி ஓடி வந்து என்னவோ கேட்டார்.

"நான் 'லத்தீனோ' எண்டனான். அவ என்னைப் பாத்தா. திரும்பவும் கேட்டா. திரும்பவும் 'லத்தீனோ' எண்டனான். அந்த ஊரில அதைச் சொன்னா என்ன அர்த்தம் சொல்லும் பாப்பம்? அங்க எல்லாரும் அதுதானே. ஆர் நீ எண்டு கேட்டா, மனிசர் எண்டு சொல்லுற மாதிரி. அதுவும் பொம்பிளை நான் ஆம்பிளைச் சொல்லைச் சொல்லுறன். புத்தி பேதலிச்சவள் எண்டு நினைச்சிருப்பா. வெய்யில் பிடிச்ச பெடியன் எண்டு தம்பிக்கு இனிப்புத் தண்ணி கரைச்சுப் பருக்கினவ. அன்பாத்தான் பருக்கினவ."

காற்று கதவை அடித்தது. அக்கா எழும்பிப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து இருந்தார்.

"நான் பாத்துக்கொண்டு நிண்டனான். வாயைத் திறந்தா எட்டுப் பேரும் பிடிபடுவினம் எண்டு நிண்டனான். மூண்டு கோப்பை குடுத்தவ. நாலாவது கோப்பைக்குத்தான் நான் தட்டிவிட்டு, 'சீனி, சீனி, சலரோகம்' எண்டு தமிழில குளறினது. அவவுக்கு எப்பிடியோ விளங்கிச்சுது. ஓடிப் போய் வாகனம் பிடிச்சவ. ஆஸ்பத்திரி ரெண்டு மணித்தியாலம். பாதி வழியில உயிர் போயிட்டுது."

ஆஸ்பத்திரி வாசலில் பொலிஸ் அக்காவை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. தம்பியைப் 'பெயர் தெரியாத ஆண்' என்று பதிந்து அந்த ஊரிலேயே புதைத்துவிட்டார்கள். அக்கா பல மாதம் மறியலில் அடைபட்டிருந்து, பிறகு எப்படியோ வடக்கே போய், ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியில் வேலைக்குச் சேர்ந்தார். கூட வேலை செய்தவர்கள் குவாத்தமாலா, ஹொண்டுராஸ், மெக்சிக்கோப் பெண்கள். அவர்களிடம்தான் பாஷை படித்தார். "பாத்திரம் கழுவிக் கழுவி எனக்குச் சொல்லித் தந்தவளவை. முதல்நாளே அந்தச் சொல்லுக்குத்தான் கருத்துக் கேட்டனான்."

இது நடந்த கதை. ஊரில் நடமாடிய கதை வேறு.

ஏஜென்சிக்காரர் கனடாவில் குடியேறிய பிறகு ஒவ்வொரு வருடமும் கோயில் திருவிழாவுக்கு வருவார். முதல் வருடம் வந்தபோதே அக்காவின் தாயிடம் போய், "உன்ர மோன் மெக்சிக்கோவில ஒரு பெட்டையோட ஓடிட்டான், நல்லா இருக்கிறான்" என்று சொல்லிவிட்டார். அக்கா தொலைபேசி எடுத்து உண்மையைச் சொன்னபோது தாய் நம்பவில்லை. "செத்திட்டான் எண்டு சொல்லாதை. ஓடினவன் திரும்பி வருவான்" என்று போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு திருவிழாவுக்கும் தாய் செய்தி கேட்பார், அவர் ஒரு செய்தி கொண்டு வருவார். வேலை கிடைத்துவிட்டது. வீடு வாங்கிவிட்டான். ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது.

அந்தப் பேரப்பிள்ளைக்கென்று தாய் ஒரு சோடி தங்கக் காப்புச் செய்வித்து அவரிடம் கொடுத்தார், சேர்த்துவிடச் சொல்லி. அவர் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த திருவிழாவுக்கு வந்து, காப்பு அளவாக இருந்தது என்றும் சொன்னார். தாய் அந்தச் சந்தோசத்தோடேயே செத்துப்போனார்.

"அம்மாவைச் சந்தோசமா வைச்சிருந்தவர்தானே எண்டு சனம் சொல்லும்," என்றார் அக்கா. "அதைத்தான் என்னால தாங்க ஏலாது. என்ர தம்பிக்கு ஒரு நாள் அழுகையும் இல்லாமல் பண்ணிப்போட்டான்."

ஒரு சட்டத்தரணியைப் போய்க் கேட்டார். வேறு நாட்டு விசயம், சாட்சி இல்லை, ஒன்றும் செய்ய ஏலாது என்றார். அக்கா வாதாடவில்லை. திருவிழா வரட்டும் என்று காத்திருந்தார்.

அந்த வருடம் அன்னதான மடத்தில் ஏஜென்சிக்காரர் தன் கையாலேயே பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, சந்தனம், சிரித்த முகம். அக்காவின் இலைக்கு வந்ததும் அக்கா கேட்டார்: "ஐயா, ஒரு சொல்லுக்குக் கருத்துச் சொல்லுவீங்களோ?"

"கேள் பிள்ளை."

"லத்தீனோ எண்டால் என்ன?"

அகப்பை அந்தரத்தில் நின்றது. "உதென்ன கேள்வி. அமெரிக்காப் பக்கத்துச் சனம்."

"அது ஆம்பிளைக்குச் சொல்லுறதோ, பொம்பிளைக்குச் சொல்லுறதோ?"

அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார். அக்கா இலையை மடித்துவிட்டு, பருக்கை தொடாமல் எழும்பினார்.

அதற்குப் பிறகு அவரை எங்கே கண்டாலும் அதே கேள்விதான். செத்தவீட்டில், தபாற்கந்தோர் வாசலில், நயினாதீவுப் படகில். குரல் உயராது, ஏச்சு இருக்காது. "ஐயா, லத்தீனோ எண்டால் என்ன?" சனம் காரணம் கேட்டது. அக்கா ஒளிக்காமல் சொன்னார். மூன்றாவது திருவிழாவுக்கு அவர் வந்து இறங்கியபோது பெயர் அவருக்கு முன்னாலேயே வந்து நின்றது. எங்கள் தீவுகளில் பட்டம் வைத்தால் வைத்ததுதான். ஆள் செத்தாலும் வளவுக்கும் வேலிக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். பஸ்ஸில், மீன்சந்தையில், தேத்தண்ணிக் கடையில் அவர் 'லத்தீனோ' ஆகிப்போனார். "லத்தீனோ வந்திட்டார்", "லத்தீனோ வீட்டடியில இறக்கிவிடு."

அக்காவின் முகத்தில் அந்த நாட்களில் ஒரு வெளிச்சம் இருந்தது. பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அந்த முறை அவர் கனடாவிலிருந்து பேத்தியையும் கூட்டி வந்திருந்தார். ஏழெட்டு வயது. நயினாதீவுக்குப் போகப் படகு பார்த்துக்கொண்டு என் கடை வாசலில் நின்றார்கள். ஓட்டோக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து குரல் கொடுத்தான்: "லத்தீனோ ஐயா, படகு வந்திட்டுது!" நின்றவர்கள் சிரித்தார்கள்.

பேத்தி அவர் கையை இழுத்தாள். "அம்மப்பா, நீங்கள் லத்தீனோவோ? என்ர வகுப்பில ரெண்டு பேர் லத்தீனோ. அவை எனக்கு நல்ல ஃப்ரெண்ட்ஸ். ஏன் இவை சிரிக்கினம்?"

அக்கா பக்கத்துக் கடையிலிருந்து வெளியே வந்தார். பிள்ளை அவரையும் நிமிர்ந்து பார்த்தது.

"அவரைக் கேள் ராசாத்தி," என்றார் அக்கா. "அம்மப்பாவுக்குத் தெரியும்."

படகு அவர்கள் இல்லாமலே போனது. கிழவர் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்த வழியே நடந்தார்.

நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன். "அக்கா, பிள்ளை கேட்டது சரிதானே. அந்தாளைப் பழி வாங்கப் போய், உங்களுக்குப் பாஷை சொல்லித் தந்த சனத்தின்ர பேரையல்லோ வசவாக்கிப்போட்டியள்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ உடைந்தது. இரண்டு நாள் கடை திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அக்கா கடையைத் திறந்த கையோடு ஏஜென்சிக்காரர் தனியாக வந்தார். என் கடைக்குள் வந்து கதிரையில் இருந்துகொண்டு, "அவவைக் கூப்பிடும்" என்றார். அக்கா வந்து நின்றார், இருக்கவில்லை.

"என்ன வேணும் உனக்கு? சொல்லு பிள்ளை. அந்தச் சொல்லை என்ர தலையில இருந்து எடுத்துவிடு."

"ரெண்டு வேணும். அங்க தம்பியின்ர பேரைப் பதிய இரத்த உறவில்லாத ஒரு சாட்சியின்ர கடிதம் கேக்கிறாங்கள். இவர் தன்ர கடையில ரைப் அடிச்சுத் தருவார், நீங்கள் கையெழுத்துப் போடவேணும். மற்றது, தேர் அண்டைக்கு உபயகாரர் பேர் வாசிக்கிற மைக்கில நீங்கள் உண்மையைச் சொல்லவேணும்."

"கையெழுத்துப் போடுறன். மைக் ஏலாது. நான் இந்த ஊரில தலை நிமிர்ந்து..."

"அப்ப ரெண்டும் வேண்டாம். போங்கோ."

அவர் போய்விட்டார். வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

தேர் இருப்புக்கு வந்த பிறகு உபயகாரர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய பெயர் வந்ததும் அவரே எழும்பிப் போய் மைக்கை வாங்கினார். பேத்தி மண்டபத் தூணோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மடத்துவெளிப் பெடியன் ஓடிப்போகேல்லை," என்றார். ஒலிபெருக்கி வயல்வெளியெல்லாம் சொன்னது. "அவன் செத்திட்டான். நான் விட்டிட்டு வந்ததால செத்தவன். தாய்க்கு நான் சொன்னதெல்லாம் பொய்."

அவர் மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், உயராமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

"காப்பு?"

மைக்கை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனார். "பேரப்பிள்ளை எண்டு ஒண்டு இருக்கேல்லை. காப்பை நான்தான் வைச்சிருந்தனான்."

அதற்குப் பிறகுதான் அக்கா அழுதார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பெண்கள் தாங்கிப் பிடிக்கப் பிடிக்க, அத்தனை வருடமும் அழாததை அழுதார். அந்தப் பெண்களும் சேர்ந்து ஒப்பாரி வைத்தார்கள். மடத்துவெளிப் பெடியனுக்கு அன்றைக்குத்தான் செத்தவீடு நடந்தது.

அடுத்த நாள் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் கனடாவுக்குப் போனார். பிறகு வரவில்லை.

அக்கா தன் பங்குக்குப் பட்டத்தை எடுக்கத்தான் பார்த்தார். பஸ் தரிப்பிலும் சந்தையிலும் நின்று, "அந்தாளை லத்தீனோ எண்டு கூப்பிடாதேங்கோ, அது நல்ல சனத்தின்ர பேர். பொய்யன் எண்டு கூப்பிடுங்கோ" என்று சொல்லித் திரிந்தார். ஒருவரும் கேட்கவில்லை. பொய்யர்கள் ஊரில் பலர் இருந்தார்கள்; லத்தீனோ ஒருவர்தான் இருந்தார். ஏஜென்சிக்காரரின் ஊர் வீட்டில் இருந்த அவருடைய தமக்கை, கலியாணம் செய்யாத, ஒருவர் வம்புக்கும் போகாத மனிசி, அவரும் மீன்சந்தையில் 'லத்தீனோ அக்கா' ஆனார். அதைக் கேட்கிறபோதெல்லாம் எங்கள் அக்கா தலையைக் குனிந்துகொள்வார்.

ஏழெட்டு மாதம் கழித்து மெக்சிக்கோவிலிருந்து தபால் வந்தது. திருத்திய மரணப் பத்திரம். அக்கா என் மேசையில் விரித்து வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுத் தமிழில் வாசித்தார். பெயர். தகப்பன் பெயர். தாய் பெயர். பிறந்த நாடு, இலங்கை. அதன் கீழே தமிழில் தன் கையெழுத்தில் எல்லாவற்றையும் எழுதினார். 'ஓடிப்போனான் என்று பொய் சொல்லப்பட்டவன்' என்று ஒரு வரியையும் சேர்த்தார்.

"எத்தினை கொப்பி அக்கா?"

"இருவது."

ஒன்றைத் தாயின் படத்துக்குக் கீழே வைத்தார். இன்னொன்றுக்குக் கோதுமை மாப்பசை காய்ச்சிக்கொண்டு போய் ஏஜென்சிக்காரரின் வீட்டு வாசல் கேற்றில் ஒட்டினார். "மழைக்குக் கரைஞ்சுபோம்," என்றேன். "அதுக்குத்தான் இருவது," என்றார்.

நான்கு வருடத்துக்கு முன்னர் அவர் தம்பியின் புதைகுழியைப் பார்க்கப் போனார். அந்தக் கன்னியாஸ்திரி இன்னும் அங்கே இருக்கிறாராம். அவரோடேயே மண்டபத்தில் வருகிறவர்களுக்குச் சமைத்துக்கொண்டு நின்றுவிட்டார். போகும்போது மிச்சக் கொப்பிகளை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

முதல் மாரி முடிந்ததும் நான் பசையோடு போனேன். பழைய தாள் கூழாகித் தொங்கியது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. அந்தத் தமக்கை கேற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். என்ன சொல்லப்போகிறார் என்று பசைக் கையோடு நின்றேன்.

அவர் கம்பிகளுக்கு ஊடாக அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேல் மூலையை நல்லா அமத்தும்," என்றார். "இந்தப் பக்கம்தான் காத்துக்குக் கிளம்புறது."